பாய்லரில் அடித்த நாற்பத்தொன்று

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பழைய நீராவி இஞ்சின் ஒன்றை மறுபடி ஓடவிடப் போகிறார்களாம், யோசனை சொல்ல வாங்க என்று நான் வேலை பார்த்த ரயில்வே ஷெட்டுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். அடேயப்பா, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! நாங்கள் பதினெட்டே நாளில் பிரித்து மாட்டி அனுப்பிய இஞ்சினை எட்டு மாதமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கையுறை, தொப்பி, காதுக்கு அடைப்பான், கல்யாண மாப்பிள்ளை தோற்றான். ஒரு போல்ட்டைக் கழற்றுமுன் நாலு போட்டோ. நாங்கள் பாய்லருக்குள் தவழ்ந்து போய்ச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே எது உடைந்திருக்கிறது என்று காது சொல்லிவிடும்; இவர்கள் பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்து, திரையை முறைத்துப் பார்க்கிறார்கள். ஸ்கேனாம்! பாய்லர் என்ன பிள்ளையா பெறப்போகிறது என்று கேட்டேன். பொறுப்பாக இருக்கும் கண்ணாடிக்காரப் பெண் சிரித்தாளே தவிர கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் அவள் டார்ச் அடித்து, பாய்லரில் கரி எரியும் நெருப்புப் பெட்டியின் மூலையைக் காட்டினாள். விரிசல். அந்தக் கருவிதான் பிடித்ததாம். யாரோ அதன் வாயை உளியால் தட்டி மூடி மழுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று பக்கத்திலேயே தன் தொழிலாளர் நம்பரையும் அடித்திருக்கிறார், இந்த நாற்பத்தொன்று யாரு சார், தெரியுமா என்று கேட்டாள். எவனோ வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ எடுத்துக்கொண்டு போன என் பழைய சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிப் பார், அடியில் அதே நம்பர்தான் இருக்கும். அப்போது, மறுநாள் இஞ்சின் வெளியே போயாக வேண்டும் என்று ஃபோர்மேன் கத்தினார், நானும் தட்டி மூடினேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் டிரைவரும் கரி அள்ளிப் போடுகிறவரும் அந்த விரிசலுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். ஒன்றும் ஆகாதது அவர்கள் அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை. வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை எனக்கு, தூ! போன வாரம் போனில், தேய்ந்த லிஃப்ட் கயிறு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்கப்பா என்று நீ அழுதபோது, எல்லா இடத்திலும் அப்படித்தான், போட்டுட்டுப் போம்மா என்றேனே, அதைச் சொன்னதும் இந்த நாற்பத்தொன்றுதான். போடாதே. வேலை போனால் போகட்டும், இங்கே வீடு இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம்.

நீண்ட ஆயுளோடு நல்லா இரும்மா, அம்மாவும் ஆசீர்வாதம் சொல்கிறாள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. நாளைக் காலையில் ஷெட்டுக்குப் போய், அது யார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நம்பர் நாற்பத்தொன்று