இரண்டாம் பெஞ்சுக்காரிகள்

சேரன்மகாதேவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தஸ்மியாவுக்கு,

இங்கு எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை. கோபத்தில் இருக்கிறேன். அதில் கொஞ்சம் உன் மேலும்தான்.

முதலில் உன் சங்கதி. அந்த நாமக்கல் ஹாஸ்டலில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு உங்களை எழுப்பி விடுகிறார்களா? ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றுவிட்டு நோன்பு பிடிக்கிறாய் என்று உன் உம்மா மேலப்பாளையத்திலிருந்து போன் போட்டு என் அம்மாவிடம் அழுதார்கள். போனைத் தொடவிடாத பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்ததும் அவர்கள்தான், இப்போது உன் குரலைக் கேட்க முடியவில்லை என்று அழுவதும் அவர்கள்தான். நல்ல கூத்து. அடுத்த முறை உன்னைப் பார்க்க வரும்போது பேரீச்சம்பழம் நிறைய வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

இனி என் சங்கதி. 'மன்னிப்பு கேட்டுட்டு சோலியைப் பாரு பிள்ள, வீம்பு பிடிக்காத' என்று எழுதியிருக்கிறாய். நீயா இதை எழுதினாய்? மாஞ்சோலை பஸ்ஸில் ஒரு சீட்டுக்காகக் கண்டக்டரோடு மணிமுத்தாறு வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டே இறங்கிய தஸ்மியாவா? உம்மா பார்க்க வந்தபோது சொன்னதை வைத்து எழுதியிருக்கிறாய். உம்மாவுக்கு விஷயம் பாதிதான் தெரியும். முழுசும் கேள், பிறகு ஏசு.

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டு நாங்கள் சாமான் ஏற்றிய அன்று, வாலிபால் டீம் கொடியைக் கிழித்து, ஊதாவும் வெள்ளையுமாகக் கயிறு பின்னி என் கையில் நீதானே கட்டிவிட்டாய்? அதோடுதான் ஜூன் மாதம் இங்கே ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பு வாசலில் முழித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டாம் பெஞ்சுப் பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கையைப் பார்த்தார்கள். உடனே நகர்ந்து இடம் விட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் பெரிய பையன்கள் சிலர், 'நம்ம பிள்ள போவுது, வழி விடுலே' என்று ஒதுங்கி நின்றார்கள். கீழே உள்ள ஜனங்களுக்கு என்ன பாசம், என்ன மரியாதை என்று வீட்டில் வந்து ஒரே பீற்றல். மூன்றாம் பெஞ்சு ஜெபக்கனி மட்டும் அன்றிலிருந்து என் முகத்தையே பார்க்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு என்ன எழவு தெரியும்? இங்கே கயிற்றின் நிறம்தான் சாதி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம். பள்ளியில் கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தபிறகு சட்டைக்கைக்குள்ளும் கணுக்காலிலும் கட்டிக்கொள்கிறார்கள். கயிறே பதில் சொல்லிவிடுவதால் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. நம் டீமின் ஊதாவும் வெள்ளையும் அந்த இரண்டாம் பெஞ்சுக் கூட்டத்தின் நிறம். மேலே மலையில் யாரும் யாரையும் 'நீங்க என்ன ஆளு' என்று கேட்டதே இல்லை என்று நான் கதை விட மாட்டேன். கல்யாணம் என்று வந்தால் கேட்டார்கள். ஆனால் அதைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்ததில்லை.

அந்தப் பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தவள் முப்பிடாதி. குலசாமி பேர். 'முப்பு' என்று சுருக்கிக் கூப்பிட்டால் அடிக்க வருவாள், முழுசாகக் கூப்பிட்டாலும் அடிக்க வருவாள். கணக்கில் புலி. எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறாமல் கண் கலங்கினபோது, 'ஏளா கோட்டிக்காரி, ஒங்க மலை ரோட்டுல பஸ்ஸு எப்படி ஏறுது? அது மாதிரி பைய ஏறு' என்று உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தாள். ஆற்றுப் பாலத்தில் நின்று இரண்டு பேரும் இங்கிலீஷ் கட்டுரையைக் கத்தி ஒப்பிப்போம். அவள் வீட்டில் எத்தனையோ நாள் உளுந்தங்களி தின்றிருக்கிறேன். நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி அவள் அம்மாவே தட்டைக் கையில் தருவார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவள் பெரியப்பா அங்கே வந்திருந்தார். 'நீ யாரு மக? அப்பனுக்குப் பூர்வீகம் எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவர் முகம் போன போக்கை நீ பார்க்க வேண்டுமே. நான் தெருவில் இறங்கும்போது பின்னால் தட்டு ஒன்று கல்லில் விழுந்து உருண்டது. நான் சாப்பிட்ட தட்டைத்தான் அவள் அண்ணன் எறிந்திருக்கிறான்.

மறுநாள் பள்ளி முழுக்க இதே பேச்சு. 'எங்க கலரைக் கட்டி எங்களையே ஏமாத்திட்டா' என்று ஒரு கூட்டம். 'நம்ம பிள்ளையா இருந்துக்கிட்டு அங்கன போய் ஒட்டிக்கிட்டாளே' என்று ஜெபக்கனி கூட்டம். கயிற்றை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு வீம்பும் இல்லை.

முப்பிடாதியை அன்றிலிருந்து பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் வீட்டார் சொல்வது இதுதான். எச்.எம். டீச்சர் முன்னால், என் அப்பாவையும் வைத்துக்கொண்டு, தெரிந்தேதான் கட்டினேன், முப்பிடாதியை ஏமாற்றினேன் என்று நான் சொல்லி மன்னிப்பு கேட்க வேண்டும். கேட்டால், பிள்ளை விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டாள் என்று அவளைத் திரும்ப அனுப்புவார்கள். கேட்காவிட்டால் அவளுக்குப் படித்தது போதும், தையல் மிஷின் வாங்கிப் போட்டுவிடுவார்கள். டீச்சரோ, 'பேப்பர்ல கீப்பர்ல வராம முடிச்சிரலாம்மா. முடியலன்னா டிசி வாங்கிக்கோ' என்கிறார்.

அப்பா பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறார். 'கேட்டுரு தாயி, நாம வந்தேறுன ஊரு' என்கிறார். அம்மா மீனைப் போட்டு உரசு உரசு என்று உரசினாள்.

செய்யாத தப்புக்கு மன்னிப்பு என்றால் எனக்கு வெறி வருகிறது, தஸ்மியா. ஆனால் நான் இங்கே வீறாப்பாக நிற்க, கணக்குப் புலி அங்கே தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாளே. அதனால் நாளைக்குப் போகிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டாவது கேட்டுவிடுவேன். எனக்காக இல்லை, நீ எழுதியதற்காகவும் இல்லை. என் கயிற்றால்தானே எல்லாம் என்று நீ ஒப்பாரி வைத்திருக்கிறாய் பார், அதை முதலில் நிறுத்து. உன் மேல் எனக்குள்ள கோபமே அதுதான்.

நோன்பு திறக்கும்போது கேட்கிற துஆவில் அந்தப் பிள்ளை பேரையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
பெர்லின்


சேரன்மகாதேவி,
சனிக்கிழமை

அன்புள்ள தஸ்மியாவுக்கு,

நீ பதில் போடுமுன்னே அடுத்த கடிதம். மனசு ஆறவில்லை, உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்ட?

திங்கட்கிழமை அப்பாவும் நானும் போனோம். எச்.எம். அறையில் முப்பிடாதியின் பெரியப்பாவும் அண்ணனும், பெற்றோர் சங்கத்து அண்ணாச்சி ஒருவரும் நாற்காலியில் இருந்தார்கள். முப்பிடாதி பெரியப்பாவுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். என் அப்பாவுக்கு நாற்காலி இல்லை. இல்லை என்றால் கிடைக்காமல் இல்லை, யாரும் போடவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் பக்கத்து அறைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அப்பாவின் பின்னால் போட்டேன். அப்பா உட்காரவில்லை. 'பரவால்ல தாயி' என்றார். அந்த நாற்காலி சும்மா கிடந்தது.

டீச்சர் என்னைப் பார்த்து, சொல்லும்மா என்றார். சொல்ல வேண்டியதை வீட்டில் ஒப்பித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 'நான் தெரிஞ்சேதான்' என்று ஆரம்பித்தேன். அதற்குள் முப்பிடாதி, 'பொய் சொல்லுதா டீச்சர்' என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று சொன்னாள். காலாண்டுப் பரீட்சை சமயத்தில் என்னிடம் இந்தக் கயிறு யார் கட்டியது என்று அவள் கேட்டாளாம். வாலிபால் டீம் கொடி, தஸ்மியா பின்னினாள் என்று நான் சொன்னேனாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தது அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. நான் அவர்கள் ஆளில்லை என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. 'தெரிஞ்சுதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். தெரிஞ்சுதான் எங்கம்மா கையால சோறு போட வச்சேன். அவ என்னைய ஏமாத்தல. நாந்தான் கயித்தோட அர்த்தத்த அவகிட்டச் சொல்லாம விட்டேன். சொன்னா கயித்த அவுத்துப் போட்டுட்டு எம் பக்கத்துலருந்து எந்திச்சுப் போயிருவான்னு பயமா இருந்துச்சு' என்றாள்.

பெரியப்பா எழுந்து ஓங்கி ஒரு அறை விட்டார். டீச்சர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. 'இது பள்ளிக்கூடம்! எம் பிள்ளை மேல கை வைக்காதீங்க!' என்று கத்தினார். முப்பிடாதி அழவில்லை தஸ்மியா. கன்னத்தைக்கூடத் தடவவில்லை. என்னைப் பார்த்து, 'மன்னிப்பு கின்னிப்புன்னு கேட்ட, கொன்னுருவேன் ஒன்ன' என்றாள்.

பிறகு நான் எதற்கு வாயை மூட வேண்டும்? 'மன்னிப்பு கேக்க மாட்டேன் டீச்சர். டிசியும் வாங்க மாட்டேன். எனக்கு ரெண்டாம் பெஞ்சுதான் வேணும்' என்றேன். இதில் என்ன ஆச்சரியம் தெரியுமா? அப்பா கட்டின கையை அவிழ்த்தார். பைய அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 'எம் மக இங்கனதான் படிப்பா, அண்ணாச்சி' என்றார். அவர்கள் முப்பிடாதியை இழுத்துக்கொண்டு போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்று இரண்டாம் பெஞ்சில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பின்னால் போய்விட்டார்கள். போகட்டும். எனக்கு முப்பிடாதி மேலும் கோபம் உண்டு. சொல்லியிருக்கலாமே சண்டாளி! எழுந்து போயிருப்பேனா நான்? அப்படி நினைத்தாளே என்னை. அதை அவளிடம் நேரில் கேட்க வேண்டும். ஆனால் அவளைத்தான் வெளியே விடவில்லை. டீச்சரே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். இரண்டு பேர் வந்து அவள் வீட்டில் விசாரித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தையல் மிஷின் வந்து இறங்கிவிட்டதாகவும் கேள்வி.

நாளை மறுநாள், திங்கட்கிழமை, முழு ஆண்டுப் பரீட்சை தொடங்குகிறது. அவள் வந்தால் எழுதலாம், இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எழுதாவிட்டால் அவள் படிப்பு இதோடு சரி. ஆகவே அன்று காலையில் அவள் தெருவுக்குப் போகிறேன். வாசலில் நின்று முழுப்பேரைச் சொல்லிக் கத்தப் போகிறேன். அடிக்கவாவது வெளியே வருவாளே. அப்பா லீவு போட்டிருக்கிறார். டீச்சர் உதவி எண்ணுக்காரர்களோடு வருகிறார். அம்மா அன்று பேசாமல் மீன் உரசியவள், இன்று தானாக, 'நானும் வாரேன், அந்தப் பிள்ள அம்மாகிட்டப் பேசணும்' என்கிறாள். ஜெபக்கனி என்னோடு முதல் முதலாகப் பேசினாள். 'நானும் வருவேன். ஆனா தெருமுக்கு வரைக்கும்தான்' என்றாள். அதுவே பெரிய விஷயம் என்று வைத்துக்கொண்டேன்.

பயமா என்று கேட்காதே. பயம்தான். அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா?

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பரீட்சை தொடங்கியிருக்கும். கதவு திறந்ததா இல்லையா என்று இப்போது எனக்கும் தெரியாது. பத்திரமாக இரு, ஒதுங்கிப் போ என்று மட்டும் இந்த முறை எழுதிவிடாதே. எனக்கு ஒன்றே ஒன்று செய். முப்பிடாதிக்கு நீ ஒரு கடிதம் எழுது. உனக்கு அவளைத் தெரியாது, பரவாயில்லை. மலையைப் பற்றி எழுது, உன் ஹாஸ்டல் சப்பாத்தியைப் பற்றி எழுது, எதையாவது எழுது. வீட்டுக்குப் போடாதே, கிழித்துவிடுவார்கள். பள்ளி விலாசத்துக்குப் போடு. வாங்க அவள் வந்தே ஆக வேண்டும். மேலே அவள் பேரை முழுசாக எழுது. பேருக்குக் கீழே, ஜூன் மாதம் வரப்போகிறதே, பன்னிரண்டாம் வகுப்பு என்றே போடு.

ஆண்டவர் உன்னையும் அவளையும் காக்கட்டும்.

என்றும் உன்,
பெர்லின்