புழு விழும் மரங்கள்

எகிலாவின் அப்பாவுக்கு,

கின்ஷாசாவில் கம்பெனி வேலை, நலமாகத்தான் இருப்பீர்கள். அங்கே சோறு இறங்கவில்லை, தொட்டுக்கொள்ளக் காயவைத்த புழு அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். இந்த மழைக்குப் புழு விழவில்லை.

புழு விழும் சபேலி மரங்களை எங்கள் குலத்தில் தாய் தன் மகளுக்கு மட்டும்தான் காட்டுவாள். கல்யாணமான புதிதில், ஆசையில், உங்களையும் கூட்டிப் போனேன். "யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றதற்கு, "குரங்குகிட்டயா சொல்லப் போறேன், போடி" என்று சிரித்தீர்கள்.

போன மாதம் உங்கள் கம்பெனி ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். காட்டில் எங்கும் தேடவே இல்லை. அவர்களுடைய மேஸ்திரி ஒரு தாளை விரித்து, "உங்க வீட்டுக்காரர் என்னமா வரைஞ்சிருக்காரும்மா! ஒரு மரம்கூடத் தப்பல" என்று என்னிடமே மெச்சினார். பதினொன்றையும் சாய்த்துவிட்டார்கள். லாரித் தடத்து மண் கரைந்து ஓடையெல்லாம் சேறு; மீனும் இல்லை. சந்தையில் என்னைக் கண்டால், "புருஷனுக்கு மரத்தக் காட்டினவ வர்றா" என்கிறார்கள்.

எகிலா பெரியவளாகிவிட்டாள். வழக்கப்படி அவளை நான் காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். எந்த மரத்தைக் காட்டுவது என்று அதையும் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள்.

உங்களை நம்பியவள்