பன்னிரண்டாவது கையெழுத்து

வால்யெவோ,
ஏப்ரல் 27

அன்பு மகன் ஸ்ரேதனுக்கு அம்மா எழுதுவது.

போன செப்டம்பர் பதினான்காம் தேதி வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, நம் கட்டடத்தின் பதினெட்டு வீட்டுக்காரர்களும் கீழே சைக்கிள் அறையில் கூடி, ஒரு மணி நேரம் ஆலோசித்து, கீழ்வாசலில் பழுப்பு நிறத்தில் ஒரு கால்மிதி போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். இந்தக் கடிதம் அந்தத் தீர்மானத்தைப் பற்றியது. அதற்கு முன் முறைப்படி விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிடுகிறேன். நான் சுகம். நீயும் மருமகள் மாரித்தும் சுகமா என்று கேட்கப் போவதில்லை, கருத்துக் கணிப்பு நிலையத்துக்காக முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகக் கதவு தட்டியவள் நான், சுகமா என்று கேட்டால் காலில் மாவுக்கட்டுப் போட்டிருப்பவனும் சுகம் என்றுதான் சொல்வான். அதனால் வேறு மாதிரி கேட்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் இருவரும் என்ன சாப்பிட்டீர்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்தா, தனித்தனியாகவா? பதிலை எழுது, மற்றதை நானே தெரிந்துகொள்கிறேன்.

நம் மொட்டை மாடிக்கு மேல் இரண்டு தளம் எழும்புவது உனக்குத் தெரியும், போனில் நீயே அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னம்மா அது என்றாய், நான் வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சைப் பூனை பக்கம் திருப்பினேன். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன் என்பது உனக்குத் தெரியாது. சொன்னால் ஏம்மா போட்டே என்று ஒரு வரியில் கேட்பாய், எனக்கோ பதில் இத்தனை பக்கம் வருகிறது, அதனால்தான் கடிதம்.

கால்மிதி ஒரு கம்பெனியின் அன்பளிப்பு. பழைய கட்டடங்களின் தலையில் புதுக் கட்டடம் வைப்பது அவர்கள் தொழில், ஆனால் அப்போது அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, மழைக்காலம் வருகிறது, பெரியவர்கள் வழுக்கி விழக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். நம் கட்டடம் இருபத்தாறு வருஷமாக எதிலும் ஒத்துப்போனதில்லை, தபால் பெட்டிக்கு எந்த வர்ணம் என்பதில் முறைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஒன்றாகக் கை தூக்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் நானும் தூக்கினேன், கால்மிதி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் மாடி ராதிவோய் மட்டும், ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர் இல்லையா, பழுப்பெல்லாம் ஒரு நிறமா என்று முணுமுணுத்தார், அது குறிப்பேட்டில் ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து வாசலில் ஒரு சின்னப் பலகை வந்தது, முன்னேற்றத்தை விரும்பும் இல்லம் என்று எழுதி. முன்னேற்றத்தை விரும்பவில்லை என்று யார் போய்ச் சொல்வது, அதுவும் அங்கேயே தங்கிவிட்டது. பிறகு மொட்டை மாடியைச் சும்மா அளந்து பார்க்க அனுமதி கேட்டார்கள், கொடுத்தோம். அக்டோபரில் அசல் தாள் வந்தது. மேலே இரண்டு தளம் கட்டி அவர்கள் விற்றுக்கொள்வார்கள், பதிலுக்குக் கூரை ஒழுகலை அடைத்து, நமக்கு ஒரு லிப்ட் போட்டுத் தருவார்கள். பதினெட்டில் பன்னிரண்டு கையெழுத்து வேண்டும்.

உன் அப்பா இந்தக் கட்டடத்துக்கு மேஸ்திரியாக இருந்தது உனக்கு நினைவிருக்கும். இதன் அஸ்திவாரம் நாலு மாடிக்குப் போட்டது, அதற்கு மேல் துணி காயப்போடலாம், வேறு ஒன்றும் கூடாது என்று குழி தோண்டிய நாளிலிருந்து சொன்னவர். பனி உருகியதும் வருஷா வருஷம் வீட்டிலுள்ள எல்லாக் கதவையும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்ப்பார், கட்டடம் இறங்கினால் முதலில் கதவுக்குத்தான் தெரியும் என்பார். அதனால் நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

அவர்கள் செய்தது எதுவும் எனக்குப் புதிதும் இல்லை. நிலையத்தில் சேர்ந்த வருஷம் எங்களுக்கு மூன்று மாதம் சமூக உளவியல் வகுப்பு நடந்தது, சின்னதற்குச் சரி என்றவன் பெரியதற்கும் சரி என்பான், வாங்கிக்கொண்டவன் திருப்பிக் கொடுக்கத் துடிப்பான், ஊரோடு ஒத்துப்போகாதவனுக்குச் சோறு இறங்காது, எல்லாம் அப்போதே படித்தோம். படித்ததை நான் கண்ணாலும் பார்த்தேன். ஒரு கிராமத்தில் விவசாயப் பத்திரிகை படிக்கிறீர்களா என்று கேட்டேன், நாற்பது வீட்டில் முப்பத்தெட்டுப் பேர் தவறாமல் படிக்கிறோம் என்றார்கள், பத்திரிகை நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் கம்பெனிக்காரர்கள் கையெழுத்துப் பட்டியலை நீட்டியபோது முதலில் மேலே இருந்த ஆறு பெயரைத்தான் பார்த்தேன், ஏழாவது ஆள் தாளைப் படிக்க மாட்டான், அந்த ஆறு பெயரைத்தான் படிப்பான். வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்றார்கள், நாலு வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒருவரை இஞ்சினியர் என்று அழைத்து வந்து படிக்கட்டில் நிறுத்தினார்கள். ராதிவோய் அவரைப் பார்த்து, படிக்கட்டுல எதுக்குய்யா ஹெல்மெட்டு, எங்க கட்டடம் அவ்வளவு மோசமா, அப்ப மேல ரெண்டு மாடி எப்படிய்யா தாங்கும் என்று கேட்டார். அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் ராதிவோயும் அன்று ஜெயித்துவிட்டதாக நினைத்து அவர் வீட்டில் ஆளுக்கு ஒரு கிண்ணம் பிளம் சாராயம் குடித்தோம்.

அப்புறம் புனித லூக்கா நாள் வந்தது. நம் குலப் புனிதரின் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவர் யாரானாலும் உட்கார வைக்காமல் அனுப்புவதும் இல்லை. இது கம்பெனிக்கும் தெரியும். மத்தியானம் கதவைத் திறந்தால் ஒரு பெண் நிற்கிறாள், முப்பது வயசு இருக்கும், கையில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின், பெயர் கலினா, கம்பெனியில வேலை பாக்கறேன், ஆனா இன்னிக்கு அதுக்காக வரல அத்தை, புனிதர் நாள் நல்லபடியா நடக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன் என்றாள். என்ன செய்வது, உள்ளே விட்டேன். வருகிறவருக்கு முதலில் நீட்டும் சர்க்கரைக் கோதுமையை முறைப்படி ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, வாயில் போட்டு, கரண்டியைத் தண்ணீர் டம்ளரில் வைத்தாள். மாமிசம் சுற்றிய முட்டைக்கோசை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். புனிதருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி பாதி எரியும்வரை இருந்தாள், லிப்ட் என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் பேசப் பேச எனக்கு வராத சந்தேகம், அவள் பேசாததைப் பார்த்து வந்தது. போகும்போது கேக் கட்டிக் கொடுத்தேன், தட்டோடு. இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திருப்பித் தர வந்தாள், அதற்காகத்தான் கேக்கை வாங்கிக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று சமையலறையில் உட்கார்ந்து, அத்தை, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது, எங்க கேள்வித்தாளைப் பாத்து ஊரே சிரிக்குதாம், நீங்க முப்பது வருஷம் இதே வேலையில இருந்தவங்களாமே, இதுல என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க, கையெழுத்தெல்லாம் வேண்டவே வேண்டாம் என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் கேள்வியே, உங்கள் கட்டடத்தின் முதியவர்கள் பாதுகாப்பாகவும் வசதியாகவும் வாழ்வதை நீங்கள் விரும்புகிறீர்கள் அல்லவா என்று இருந்தது. ஸ்ரேதன், இது கேள்வியே இல்லை, ஆளைப் பிடித்துத் தள்ளுவது. டிராயரில் சிவப்புப் பென்சிலைத் தேடினேன், ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் திருத்தினேன். வேண்டுமா என்று கேட்ட இடத்திலெல்லாம் வேண்டாமா என்பதையும் சேர்த்தேன், அஸ்திவாரம் பற்றிக் கவலை உண்டா என்று புதிதாக ஒரு கேள்வி போட்டேன், ஏன் என்று எழுத நாலு வரி இடம் விட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வால்நட் உரித்துக்கொண்டே, இப்படிக் கேக்க எங்ககிட்ட ஆளே இல்லையே அத்தை, எங்க பசங்க கேட்டா ஜனங்க எங்களுக்குப் பிடிச்சதைத்தான் சொல்லும், நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க, வேண்டாம்னு வந்தா நாங்க போயிடறோம் என்றாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, நேர்மையாகக் கேட்டால் நேர்மையான பதில் வரும், நேர்மையான பதில் வேண்டாம் என்பதுதான், இவர்களை இவர்கள் தாளாலேயே அனுப்பிவிடலாம் என்று. சம்மதித்தேன்.

நவம்பரில் பதினேழு வீட்டுக்கும் போனேன். குரலை எந்தப் பக்கமும் சாய்க்காமல், முகத்தைச் சாத்திய ஜன்னல் போல வைத்துக்கொண்டு கேட்டேன், என் வேலையில் அதைவிட நன்றாக நான் செய்ததில்லை. நடந்தது இரண்டு. நம் ஜனங்களை இதுவரை யாரும் பொறுமையாக உட்கார்ந்து ஏன் என்று கேட்டதில்லை, கேட்டவுடன் யோசித்தார்கள், யோசித்துச் சத்தமாகச் சொன்னார்கள், தன் வாயால் சொன்ன காரணத்தை யாரும் விடுவதில்லை. இன்னொன்று, விதோசவாவே தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்றால் இதில் சூது இருக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள், நான்தானே அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரன் ஒரு வருஷம் நடந்திருந்தாலும் இந்த நம்பிக்கையை வாங்கியிருக்க முடியாது. கேள்வித்தாளோடு சேர்த்துக் கட்டியிருந்த கையெழுத்துப் பட்டியலை அவர்களே கேட்டு வாங்கிப் போட்டார்கள், ஆறு என்பது பத்து ஆனது.

மூன்றாம் மாடி கோசாராவிடம் கடைசியாகப் போனேன். இடுப்பு முறிந்ததிலிருந்து அவள் கீழே இறங்கியதில்லை, நானும் ராதிவோயும்தான் காய்கறி வாங்கிக் கொடுக்கிறோம். கேள்விகளையெல்லாம் கேட்டேன். அவள், ரெண்டு வருஷமா தக்காளியை உங்க கண்ணாலதான் பாக்கறேன் விதா, நீ நல்லதுன்னு கொண்டு வர்றே, எனக்கு ஒரு தடவை நானே அழுத்திப் பாத்து வாங்கணும் என்றாள். அஸ்திவாரம் பற்றிக் கேட்டேன், உன் வீட்டுக்காரர் போட்டதுதானே, அப்புறம் என்ன என்றாள். அவளும் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். அவளோடு பதினொன்று. என் கையெழுத்தில் எழுதிய பதினேழு பதில்கள் என் மடியில் இருந்தன, இவை உண்மையான பதில்கள் என்று எல்லாரிடமும் சொன்னவள் நான். கோசாரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டேன்.

போட்டதைவிட அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் உன் அப்பா எவ்வளவு பயந்தவர் என்பது எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. வெயில் நாளிலும் குடை எடுத்துப் போவார், ஒரு ஆணிக்கு மூன்று ஆணி அடிப்பார், பனி உருகியதும் கதவு கதவாகப் போய்த் திறந்து மூடி நிற்பது ஒரு கிறுக்குத்தானே என்று ராதிவோயிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவங்க முதல் கால்மிதியைக் கீழ்வாசல்ல போட்டாங்க விதா, ரெண்டாவது நீதான், அதுக்காக அந்த மனுசனை எதுக்கு மிதிக்கிறே என்றார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. கருத்து முதலில் வரும், கை பின்னால் போகும் என்றுதான் நாங்கள் முப்பத்தொரு வருஷம் அட்டவணை போட்டோம். எனக்குக் கை முன்னால் போனது, கருத்து மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தது, வந்த கருத்து உன் அப்பாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. பதினைந்து வருஷமாக அவர் இல்லை, நாற்பது வருஷம் அவரோடு இருந்தவள் ஒரு தாளுக்காக அவரைக் கோமாளி ஆக்கினேன். அதை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உனக்கு வேறு என்ன சொல்வது. உதவி செய்கிறேன் என்று வருகிறவனை நீயே சமாளிப்பாய், உன் உதவி வேண்டும் என்று வருகிறவனைப் பார்த்துக்கொள், அதுவும் உனக்கு நன்றாக வரும் வேலையில் உதவி கேட்டால். உன்னையும் நான் கவனிக்காமல் இல்லை. முதலில் கம்பளிக் காலுறை போடு என்றாய், போட்டேன், அடுத்து டாக்டரிடம் போ என்றாய், போனேன், இப்போது இரண்டு மாதம் சும்மா உங்கள் ஊர் பெர்கனில் வந்து இருந்துவிட்டுப் போ என்கிறாய். ஏணி எனக்குத் தெரிகிறது மகனே. கோபமில்லை, காலுறை நன்றாகத்தான் இருக்கிறது. வாட்டி அரைத்த குடைமிளகாய் ஆறு ஜாடி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன், இரண்டில் காரம் அதிகம், மாரித்துக்குக் கொடுக்காதே. கோசாராவின் லிப்ட் இன்னும் வரவில்லை, குழி தோண்டியிருக்கிறார்கள்.

புனித லூக்கா உங்கள் இருவரையும் காக்கட்டும், நோயும் வழக்கும் உங்கள் வாசலுக்கு வராமல் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் எழுத மறக்காதே.

உன் அம்மா
விதோசவா

முடித்த பிறகு நினைவு வந்தது. கோடையில் வரும்போது குளியலறைக்கு ஒரு கனமான திரை வாங்கி வா. திங்கட்கிழமை முதல் அந்தக் கதவு மேல் சட்டத்தில் இடித்து மூடவில்லை. செவ்வாயன்று ராதிவோய் இழைப்புளி கொண்டுவந்து மேல் விளிம்பை இழைத்துக் கொடுத்தார், மூடியது. வியாழனன்று மறுபடி மூடவில்லை.