லாலிக்குச் சூடு ஏறவில்லை

டிசம்பர் 28

சீரத் இன்று காலை ஒன்பது தடவை இருமினாள். எண்ணினேன். இவர் “எட்டுதான்” என்றார். எட்டு என்றால் பரவாயில்லையா? எட்டு மாதக் குழந்தை!

காரணம் எனக்குத் தெரியும். காரணத்தின் பெயர் லாலி. மாமனாரின் முப்பத்தாறு வருஷத்துச் சிவப்பு டிராக்டர். தினமும் காலையில் அதை உருட்டிக் கிளப்பி, கேட் பக்கம், சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, முக்கால் மணி நேரம் சும்மாவே ஓடவிடுகிறார். வெள்ளைப் புகை உள்ளே வந்து தொட்டிலைச் சுற்றுகிறது.

“பாபுஜி, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்களேன்.”

“சூடு ஏறட்டும் பேட்டா. பச்சை உடம்போட வயலுக்கு அனுப்பலாமா?”

எனக்குப் பிரசவமானபோதுகூட இந்தக் கரிசனம் கிடைக்கவில்லை.

டிசம்பர் 29

பனி விலகவே இல்லை. லாலியின் முகத்தில் சாக்கு கட்டியிருக்கிறார். சீரத்துக்கு மூன்று ஸ்வெட்டர். இரண்டு பேருக்கும் மூக்கு சில்லென்றுதான் இருக்கிறது.

ஜனவரி 2

பக்கத்து வீட்டு நாஹர் சிங் டீ குடிக்க வந்தார். பாபுஜி எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“உன் டிராக்டர் எண்ணெய் குடிக்கும். என்னுது குடுக்கும்! பாரு, போன மாசத்தைவிட ஒரு விரக்கடை ஏறியிருக்கு.”

“டிராக்டர் வச்சிருக்கியா, எருமை வச்சிருக்கியா?” என்றார் நாஹர் சிங். மீசையில் பொறாமை தெரிந்தது.

டம்ளர் எடுக்கிற சாக்கில் கம்பியை மோந்து பார்த்தேன். டீசல்! எரியாத டீசல் கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கிறது. எஞ்சின் சூடாகவே இல்லை என்றுதானே அர்த்தம்?

லாலியின் வெப்பமானி முள் ஏன் ஏறுவதில்லை என்று பாபுஜியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அரை மணி நேரம் பெருமை. பதினோரு வருஷம் முன்னால் ஒரு ஜூன் மாதம் தண்ணீர் கொதித்ததாம். “நானே திறந்து, உள்ள இருந்த வால்வைப் பிடுங்கிக் கடாசினேன். அன்னையிலேருந்து பனிக்கட்டி மாதிரி ஓடுறா.” அவர் பேச்சைக் கேட்டு ஊரில் முக்கால்வாசிப் பேர் பிடுங்கிவிட்டார்களாம்.

அந்த வால்வுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் குட்டிக் கதவு. பதினோரு வருஷமாகக் கதவில்லாத வீடு. பனிக்காற்று நேரே உள்ளே. முக்கால் மணி என்ன, மூன்று மணி நேரம் ஓடினாலும் சூடு ஏறாது.

இதை யார் அவரிடம் சொல்வது? ஊருக்கே டிராக்டர் டாக்டர். நேற்று வந்த மருமகளா?

ஜனவரி 6

சீரத்துக்கு பர்னாலா ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. ஒரே ஒரு வீறல். ரோஜா நிற அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது தெர்மோஸ்டாட் கேட்டு உதிரிபாகக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் பெட்டியைத் தூசி தட்டினார். “எல்லாரும் இதைப் பிடுங்கத்தான் வருவாங்க. வாங்க வந்த முதல் ஆள் நீதான்மா.”

கூட வந்த பீஜி, என் மாமியார், பையைத் தடவிப் பார்த்தார். “ஊசிக்கு அப்புறம் குடுக்கிற மருந்தா?”

“ஆமா பீஜி. புகைக்கு.”

பொய் இல்லையே?

ஜனவரி 7

நான் படித்த கல்லூரியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வெப்பமானி கடைசியில் உதவியது. வால்வைப் பால் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தேன். எண்பத்திரண்டு டிகிரியில் மெல்ல வாயைத் திறந்தது. சோற்றுக்கு ஆ காட்டும் சீரத் மாதிரியே!

பீஜி எட்டிப் பார்த்தார். “என்ன வேகுது?” எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். “நாளைக்கு அவர் குருத்வாராவில் சப்பாத்தி சுடப் போறார். நான் கேட்ல நிக்கிறேன்.”

ஜனவரி 8

செய்துவிட்டேன்! கொஞ்சம் தண்ணீரை வடித்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, வால்வை உட்கார வைத்து, மூடி முறுக்கினேன். மூடிக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைத்திருந்த பழைய அட்டை வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிதாக ஒன்று வெட்டிப் போட வேண்டும் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? பீஜி கேட்டில் நின்று இருமினார். அதுதான் எங்கள் சமிக்ஞை. ஓடிவந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் — சொட்டு. சொட்டு. தண்ணீர் காலியாகி எஞ்சின் இறுகிப்போனால்? வீடு லாலியை வைத்துத்தானே ஓடுகிறது! பேசாமல் சொல்லிவிடலாமா? வாய் வரவில்லை. ஐயோ, என்ன காரியம் செய்தேன்.

ஜனவரி 9

விடிந்ததும் ஓடினேன். சொட்டு இல்லை. தரை காய்ந்திருக்கிறது. தண்ணீரும் விளிம்பு வரை. தானாகவே சேர்ந்துகொண்டதா?

பாபுஜி கிளப்பினார். நான் சீரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கத்தத் தயாராக நின்றேன். முள் ஏறியது. கால். அரை. பாபுஜி பானட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தை நெற்றியைப் பார்ப்பதுபோல.

“காய்ச்சலா?” என்றார் பீஜி, வெகு அப்பாவியாக.

முள் நடுவில் போய் நின்றது. நின்றே விட்டது. புகை மெலிந்து, காணாமல் போனது. பாபுஜி சாக்கை அவிழ்த்து மடித்தார். பத்தே நிமிஷத்தில் கேட்டைத் தாண்டிவிட்டார்.

ஜனவரி 12

சீரத்தின் தடுப்பூசி அட்டையில் பின்மடிப்பில் பாதியைக் காணோம்! எலிதான். குழந்தை தூங்கும் அறையில் எலி! காது, விரல், எதையாவது கடித்தால்? அழுதேவிட்டேன். இவர் “எலி இவ்வளவு நேரா கடிக்குமா?” என்கிறார். இது கேலி பண்ணுகிற நேரமா?

பாபுஜி இன்றைக்கே எலிப்பொறி வாங்கிவந்து, ரொட்டித் துண்டைச் செருகினார். “கவலைப்படாத பேட்டா. அந்த எலியை நான் பாத்துக்கிறேன்.”

ஜனவரி 20

இருமல்: பூஜ்யம். நேற்றும் பூஜ்யம்.

“எலி?” என்றேன். “கெட்டிக்கார எலி” என்றார் பாபுஜி. ரொட்டியைத் தினமும் மாற்றுகிறார்.

பிப்ரவரி 3

லாலிக்கு எண்ணெய் மாற்றிவிட்டார். மட்டம் இப்போது ஏறுவதே இல்லை. நாஹர் சிங் “எருமை பால் வத்திப்போச்சா?” என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: “எண்ணெய் ஏறுறது நல்லதில்லப்பா. முதல்ல உன் வால்வைத் திரும்ப மாட்டு. நான் எப்பவும் சொல்றதுதானே?”

பீஜி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

மே 21

நாற்பத்தைந்து டிகிரி. கோதுமை அறுத்து முடிந்தது. பாபுஜி ரேடியேட்டரில் அடைந்த வைக்கோல் தூளை ஊதித் தள்ளினார். முள் நடுவை விட்டு அசையவில்லை. தண்ணீர் கொதித்த அந்த ஜூனிலும் வால்வைப் பிடுங்காமல் இந்தத் தூளைத்தான் ஊதியிருக்க வேண்டும்.

இன்று ரப்பர் குழாய் விரிசல் விட்டது. மாற்றுவதற்காக இவர் அந்த வால்வு மூடியைக் கழற்றினார். அடியிலிருந்து ஓர் அட்டை வளையம் பிய்ந்து வந்தது. ரோஜா நிறம். அதில் அச்சில்: ‘அடுத்த தவணைக்கு மறக்காமல்...’

நான் பாபுஜியைப் பார்த்தேன். பாபுஜி வேப்பமரத்தைப் பார்த்தார்.

“எலி மாட்டிக்கிச்சு போல” என்றேன்.

“அன்னைக்கு ராத்திரி முழுக்கச் சொட்டியிருந்தா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? அவசரத்துல கைக்குக் கிடைச்சது அதுதான்.” தாடியைச் சொறிந்தார். “வால்வைச் சரியாத்தான் உட்கார வச்சிருந்த. ஆனா அட்டை வெட்டாம மூடியை மூடுவாங்களா?”

உள்ளே போய் பிஸ்கட் டப்பாவின் அட்டையையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்தேன். அவர் மூடியை அட்டை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோலை வாங்கிக்கொள்ளவில்லை. “நீ வெட்டு, நான் பிடிக்கிறேன்” என்றார்.