தென்னை, கமுகு, செம்பனை

காஜா பேராங், மலாக்கா
9-3-1958

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகள் கோகிலாவும் சன்னாசிமலையான் துணையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. உன் கடிதம் கிடைத்தது. குளுவாங் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை நிலைத்துவிட்டது, வீடும் பெரியது, தங்கச்சியை அனுப்பி வையுங்கள், ஊர்ப் பேச்சு காதில் விழாமல் நல்ல காற்றில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். சீதா அதைப் படித்துவிட்டு அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டாள். அவள் அங்கே வரக் கூடாது, ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சீதா கல்யாணத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை, நடந்ததை அப்பாவும் இரண்டு வரியில்தான் எழுதினார். தென்னம்பாளை வெடித்தால் அவளுக்கு மூச்சிளைப்பு வரும் என்பது நீ அறிந்ததுதான், வாசல் தென்னையை வெட்டியதே அதற்காகத்தான். அதனால் பந்தலில் தென்னம்பாளை கூடாது என்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கலியாணசுந்தரம், பாளை இல்லாத பந்தலில் தாலி கட்ட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார். சரி, கமுகம்பாளை கட்டலாம், அது வேறு மரந்தானே என்று பேசி முடித்தோம், நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். மணவறையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நம் பிள்ளைக்குக் கண் சிவந்து, தும்மித் தும்மி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது, உதடெல்லாம் நீலம். மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அப்பா அவளை டாக்சியில் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் இல்லை. சீக்குப் பெண்ணை மறைத்துத் தலையில் கட்டப் பார்த்தோமாம். சொல்லித்தான் சம்பந்தம் பேசினோம், அதை இப்போது யார் கேட்கிறார்கள். விருந்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நல்ல மானஸ்தர்கள்!

போன வாரம் டாக்டர் ராஜரத்தினம் அவள் கையில் வரிசையாகக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒரு பூவின் மகரந்தத் தூளை வைத்துப் பார்த்தார். செம்பருத்தி வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. தென்னை வைத்த இடம் சிவந்து தடித்தது, கமுகும் அப்படியே. நீ எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறாய் என்று நான் சொல்லியிருந்ததால் அந்தப் பூவையும் யாரிடமோ சொல்லி வரவழைத்திருந்தார். அது எல்லாவற்றையும்விடப் பெரிதாக வீங்கியது. இந்த மூன்றும் ஒரே குடும்பத்து மரங்களாம், பங்காளிகள் மாதிரி. ஒன்றின் தூளைப் பகை என்று கண்டுகொண்ட உடம்பு, மற்றதையும் அதுவேதான் என்று நினைத்துச் சண்டைக்குப் போகுமாம். உன் வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் அந்த மரம்தானே ஐயா. அங்கே டாக்டர் கிடையாது, புண்ணுக்கு மருந்து கட்டும் ஒரு டிரஸர்தான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லாரி கிடைக்க வேண்டும் என்று நீதானே எழுதினாய்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா தெய்வானை, மலாயில் காசியான் காசியான், பாவம் பாவம் என்று சொல்லி, தன் தென்னையையும் வெட்டிவிடவா என்று கேட்டாள். நல்ல மனசு, ஆனால் இந்தக் கம்போங்கில் ஊர் முழுக்கத் தென்னை, யார் யார் மரத்தை வெட்டுவது. இங்கேயும் அவளுக்கு இளைக்கத்தான் செய்யும், ஆனால் கூப்பிடு தூரத்தில் டாக்டர் ஊசியோடு இருக்கிறார். இதையெல்லாம் சீதாவிடம் சொன்னேன். தடிச்சது கைதானேம்மா, அங்க மூச்சு முட்டினாலும் பரவாயில்ல, தண்ணி பிடிக்கப் பைப்படிக்குப் போனாக்கூட இங்க ஒரு மாதிரி பாக்குறாங்களே அதுதான் தாங்கல என்று சொல்லிவிட்டுத் துணி அடுக்கப் போய்விட்டாள். அப்பா கல்யாணம் நின்ற அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, போனால் போகட்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

ஆகையால் நீதான் அவளுக்கு எழுத வேண்டும். மரத்தைச் சொல்லாதே, கேட்க மாட்டாள். இடமில்லை என்றாலும் வெராண்டாவில் படுத்துக்கொள்கிறேன் என்பாள். கல்யாணம் நின்றுபோன தங்கச்சியை வைத்துக்கொண்டால் தோட்டத்தில் உனக்கு மரியாதை இருக்காது, வர வேண்டாம் என்று எழுது. ஊர் சொல்வதை நீயும் சொன்னால்தான் அந்தப் பெட்டி திரும்பக் கட்டிலுக்கடியில் போகும். கோகிலாவை இதில் இழுக்காதே, பாவம்.

நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதே. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டு, அன்றைக்கே அவளுக்கு எழுது. உன் கடிதத்தைப் பார்த்து அழுவாள், இனி அண்ணன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பாள், நானும் அவளோடு சேர்ந்து உன்னைத் திட்டுவேன், பொறுத்துக்கொள். ஆயுசுக்கும் உன்மேல் ஆத்திரப்படட்டும். ஆத்திரப்படுவதற்கும் மூச்சு வேண்டுமே, அது இருந்தால் போதும் எனக்கு.

உன் அம்மா
சாரதாம்பாள்