லாரிக்கு அடிக்கும் மணி

தூத்துக்குடி,
14-6-1976

அன்புள்ள அண்ணன் நயினாருக்கு,

தம்பி வீரபாகு எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். சிலிகான் டிரான்சிஸ்டர் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பம்பாயில் ரேடியோ கம்பெனியில் இருக்கிற உனக்கு அது கிடைக்கவில்லையா, எழுதக் கை வரவில்லையா? பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவோடு கோபம் என்றால் என்னை ஏன் தண்டிக்கிறாய்?

எதற்குக் கேட்டேன் என்று மறுபடி எழுதுகிறேன். அம்மா வேலை செய்கிற உப்பளத்தில் இந்த வருஷம் பாதையின் இரண்டு பக்கமும் வீட்டு உயரத்துக்கு உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடிவிட்டார்கள். துறைமுகத்துக்கு உப்பு ஏற்ற வருகிற லாரி அந்தக் குவியல்களுக்கு நடுவே திரும்பினால், நேரே பெண்கள் ஓலைப்பெட்டியில் உப்பு சுமந்து கடக்கிற இடம். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் ஹாரன் சத்தம் கடலுக்குப் போய்விடுகிறது. சித்திரையில் ஒரு பெண்ணின் காலில் லாரி ஏறிவிட்டது. வேலையை விடு என்றால் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறாள். சரி, ஒரு மணியாவது வைப்போம் என்று இறங்கினேன்.

திருப்பத்துக்கு முன்னால் பாதையில் சதுரமாகத் தோண்டி எனாமல் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் புதைத்தேன். அதை ஆஸிலேட்டரோடு இணைத்தால் அலை ஒரே சீராக ஓடும். மேலே லாரி வந்தால் அந்தச் சீர் மாறும், ரிலே சுவிட்சை இழுக்கும், கடக்கிற இடத்தில் மணி அடிக்கும். ஆள் நடந்தால் அடிக்காது. நான் படித்த பாடத்தில் இவ்வளவுதான். பாடம் எழுதியவன் உப்பு மண்ணைப் பார்த்ததில்லை. கடல் ஏறி மண் நனைந்தால் லாரி இல்லாமலே அடித்தது. வெயில் ஏறினால் என் பழைய டிரான்சிஸ்டர்கள் சூடாகி மறுபடியும் அடித்தது. கங்காணி ஏசுவடியான் அண்ணாச்சி, "ஏலே, லாரிக்கு அடிக்கச் சொன்னா உன் மணி நண்டு போனாலும் அடிக்குதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சும்மா அடிக்கிற மணி இருப்பதற்கு மணியே இல்லாமல் இருக்கலாம். நாலு தடவை ஏமாந்தவள் அடுத்த தடவை திரும்பிப் பார்ப்பாளா?

பழைய சைக்கிள் டியூப்களை வெட்டி நீளமாக ஒட்டி, கம்பியை அதற்குள் விட்டு மறுபடி புதைத்தேன். ஈரம் நின்றது. சூடு தாங்குகிற சிலிகான் வராததால், சர்க்யூட் பெட்டியை மண்பானைக்குள் வைத்து ஈரச் சாக்கு சுற்றினேன். இஞ்சினியரிங் இல்லைதான். வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை லாரி வந்ததும் மணி கணீரென்று அடித்தது. பெண்கள் அத்தனை பேரும் ஒதுங்கினார்கள். அம்மா மட்டும் பெட்டியோடு நடந்துகொண்டே இருந்தாள். கத்தினேன். திரும்பவில்லை. பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அத்தை ஓடிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பெட்டி விழுந்தது. லாரி அந்த உப்பின் மேல் ஏறி நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், மணி காதில் விழவில்லையா என்று அம்மாவிடம் பாய்ந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள். "வெயில்ல கவனிக்கல" என்றாள். அத்தைதான் உடைத்தாள்: "ஏலே, அவளுக்குக் காது போயி எத்தன மாசமாச்சு. கூடவே இருக்கியே, தெரியலியா? நீ படிச்ச லட்சணம் இதானா?"

ஐப்பசியில் வந்த காய்ச்சலோடு போயிருக்கிறது. எதிரே நின்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள். அளத்தில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று அத்தையைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது; அண்ணாச்சி அவளை நிறுத்தாமல் மாசக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மணிக்குப் பதிலாக விளக்கு வைத்தேன். நடுப்பகலில் உப்பு அடிக்கிற வெளிச்சத்தில் அது எரிகிறதா என்று எனக்கே தெரியவில்லை. இனி லாரி வந்தால் அவள் கண் முன்னே சிவப்புக் கொடி விழுகிற மாதிரி செய்யவேண்டும். பெரிய ரிலே வேண்டும்.

இப்போது நீ யோசி. உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிய பிறகு பொங்கலுக்குத்தான் முதல் தடவை வந்தாய். பின்வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ரேடியோ ரிப்பேர் செய்கிற கடைக்கு வந்து, "அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இனி அவளிடம் என் பேச்சை எடுக்காதே" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். நானும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்து உன் பேச்சை எடுத்தேன். நீ வந்ததே அவளுக்குத் தெரியாது. "எப்ப வந்தான்? சாப்பிட்டானா?" என்றாள். பிறகு, "எங்கன நின்னான்?" என்றாள். காட்டினேன். அந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உலை வைக்கப் போனாள்.

ரிலேயையும் டிரான்சிஸ்டரையும் தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டு வா. அண்ணியையும் கூட்டி வா. நலம் விசாரிப்பதைக் கடைசியில் என்றேன். அதை நீயே வந்து அவளிடம் விசாரி. பின்வாசலில் நின்று கூப்பிடாதே. சுற்றிக்கொண்டு முன்னால் போய், அவள் பார்க்கிற மாதிரி நில். மெதுவாகப் பேசு.

உன் வரவை எதிர்பார்க்கும் தம்பி,
வீரபாகு