அச்சகத்தின் நாற்பத்து மூன்று கட்டுரைகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் நலம் என்று நீ சொல்வதை நம்புகிறேன், ஆனாலும் போன ஞாயிறு போனில் நான்கு முறை இருமினாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறைத்தலைவர் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து அறைக்காரருக்குப் போய்விட்டது, கட்டுரை கட்டுரையாக வெளியிடுகிறார் என்று நாங்கள் 'அச்சகம்' என்போமே, அவருக்குத்தான். ஐந்து வருஷத்தில் அவருக்கு நாற்பத்து மூன்று, எனக்கு இரண்டு. ஒரு காட்டுமர விதை ஏன் முளைக்காமல் தூங்குகிறது என்று பதினோரு வருஷம் தட்டுத் தட்டாக விதைத்துப் பார்த்தது யார் கண்ணிலும் படவில்லை. தேர்வுக்குழுவில் ஒருவரிடம் கட்டுரைகளைப் படித்தீர்களா என்று கேட்டேன். எந்த இதழ், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டிப் பார்த்தோம், படிக்க ஏது நேரம் என்றார்.

வயிறு எரிந்தது, பெற்ற பெண்ணிடம் சொல்ல என்ன வெட்கம். அவர் சிரித்தாலும் எரிந்தது, அவருக்குப் புது நாற்காலி வந்தபோதும் எரிந்தது. குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று நாற்பத்து மூன்றையும் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவோடு மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒரே சோதனையை நான்காக நறுக்கி நான்கு கட்டுரை, நண்பர்கள் மாறி மாறி மேற்கோள், எனக்கோ வெல்லம் தின்றது போல இருந்தது. முப்பத்தெட்டாவதில் பேனா நின்றுவிட்டது. நான்கே பக்கம், யாரும் கேள்விப்படாத இதழ், மேற்கோள் ஒன்றுகூட இல்லை. என் விதைக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற இன்னொரு விதையை நனைத்து, பத்து நாள் நன்றாகக் காயவிட்டு, மறுபடி நனைத்திருந்தார். நான் ஒருநாள்கூடக் காயவிட்டதில்லை. அவர் எழுதியிருந்தபடி என் விதையில் நூறு வைத்தேன், எண்பத்தேழு முளைத்தன. பதவிக்காகப் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை மகளே, அந்த முளைகளைப் பார்த்தபோது பட்டதுதான் பொறாமை.

மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே போனேன். வெகுநேரம் முளைகளையே பார்த்தார். பிறகு, "அந்த ஒரு கட்டுரைக்கே நாலு வருஷம் ஆச்சுங்க. பதவி விண்ணப்பத்துல சிறந்த பத்துக் கட்டுரையைக் குறிக்கச் சொன்னப்ப இதை விட்டுட்டேன், மதிப்பெண் வராதுன்னு. மத்ததெல்லாம் வேலையில நிலைக்க எழுதினது. இதைப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்" என்றார். நாற்பத்து மூன்றையும் ஏன் படித்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் அடுத்த கட்டுரையின் முதல் வரியிலேயே அவர் பெயரைப் போட்டிருக்கிறேன். என் கையாலேயே அவர் மேற்கோள் கணக்கில் ஒன்று கூடும், எழுதும்போதும் எரியத்தான் செய்தது.

நீ நோய்நொடியின்றி, செய்யும் வேலையில் மனம் நிறைந்து நெடுநாள் வாழவேண்டும். பல் மருத்துவரைத் தள்ளிப் போடாதே. இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே, அச்சகத்தின் கட்டுரைகளைப் பெருந்தன்மையால்தான் படித்தேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா